சாமியாரின் துண்டு

பேருந்தில் பக்கத்துப் பயணி நீலகிரித் தைலத்தைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லைத் தகராறு நடந்த வருடங்களில், எங்கள் ஊர் நகரியில் நெசவாளிகள் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற மைதானத்தில் (இன்று அங்கே லாரி ஷெட்), தமிழர் ஒருபுறமும் தெலுங்கர் மறுபுறமுமாக உட்கார்ந்திருக்க, நடுவில் உபந்நியாசம் செய்த சாமியாரின் துண்டிலும் இதே நெடிதான்.

குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, துண்டைக் கண்ணில் ஒற்றி, "திருப்பதி மலை உங்களுது" என்று எங்களிடம் தமிழில் விம்முவார். அப்படியே திரும்பி அவர்களிடம் அதையே தெலுங்கில் விம்முவார். இரண்டு பாஷையும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பக்கமும் அழுதது.

"அவங்களுக்கும் அதையேதான நைனா சொல்றாரு?" என்றேன்.

அப்பா என்னை இழுத்துப்போய், எல்லோரும் பிரசாதம்போல் கண்ணில் ஒற்றி ஒற்றிச் சளியும் ஈரமுமாயிருந்த அந்தத் துண்டை என் முகத்தில் அழுத்தினார். கண் எரிந்து நீர் கொட்டியது.

"பாத்தியா, உனுக்கும் பக்தி வந்துடுச்சி" என்றார், பூரித்துப்போய்.