அணிலுக்குப் பிடித்த சிவப்பு

வேலம்பாளையத்தில் ஒரு சின்னப் பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்த பனியனில் குறை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. வீட்டுக்குப் போனாலும் அந்தப் புத்தி போகாது.

தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று, வேஸ்ட் துணி மூட்டைகளை ஏற்ற லாரி வந்தது. ஒரு மூட்டைக்குள் கீச்சென்று சத்தம். பிரித்துப் பார்த்தால், கலர் சரியில்லை என்று சரக்கு வாங்கும் பையர் ஒதுக்கிய சிவப்புத் துணியின் துண்டுகளுக்கு நடுவே, கண் திறக்காத மூன்று அணில் குட்டிகள்! ஆசையில் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன்.

"ஏனுங்க தொட்டீங்க? மனுச வாடை பட்டா தாய் சேத்துக்காதுங்க," என்றார் கட்டிங் மாஸ்டர். உடனே குட்டியை மூட்டையின் மேலாகவே வைத்தேன்.

லாரி டிரைவர் அவசரப்படுத்துவார் என்று நினைத்தேன். அவரோ என்ஜினை நிறுத்தினார். "எதுக்கும் தள்ளி நின்னு பாப்போமுங்க."

கம்பெனி வாசல் வேப்பமரத்திலிருந்து தாய் அணில் இறங்கியது. வாலைத் தூக்கி எங்களைத் திட்டித் தீர்த்தது. பிறகு நான் தொட்ட குட்டியையே முதலில் கவ்வியது! குட்டி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அப்படியே மூன்றையும் மரப்பொந்துக்குக் கொண்டுபோனது. தையலை விட்டுவிட்டு வந்து எல்லோரும் கைதட்டினோம்.

டிரைவர் மூட்டையைத் தூக்கப் போனார். "இருங்க, மறுபடி வருது!" என்று கத்தினேன். வந்த தாய் மூட்டை முழுக்கத் துழாவியது. குட்டி எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்ததும், வாய் கொள்ளாமல் சிவப்புத் துணியைக் கவ்விக்கொண்டு மரமேறியது.

பொந்து வாயில், பையர் வேண்டாமென்ற அந்தச் சிவப்பில் ஒரு துண்டு இன்னும் தொங்குகிறது. யாரையாவது குறை சொல்ல வாயெடுத்தால், அது கண்ணில் படுகிறது. சிரித்துவிடுகிறேன்.