முன்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மாப்பிள்ளை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வீடு கட்டத் தெரியும். அதில் குடியிருக்கத்தான் தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்தால், கேரள எல்லைச் சோதனைச் சாவடி தாண்டியதுமே இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு ஆரம்பித்துவிடும். தோப்புக்கு நடுவே மாளிகை மாளிகையாக வீடுகள். தூண் வைத்த முகப்பு, முகம் பார்க்கிற மாதிரித் தரை, மாடியில் ஊஞ்சல். அந்த முகப்பில் ஒரு மனிதத் தலையாவது தெரிகிறதா என்று பாருங்கள், தெரியாது. எல்லோரும் பின்பக்கத்து ஓட்டுச் சாய்ப்பில் இருப்பார்கள். அடுப்பு, சாப்பாடு, மத்தியானத் தூக்கம், ஊர் வம்பு எல்லாம் அங்கேதான்.

நான் கோயம்புத்தூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். வந்த புதிதில் என் வீட்டுக்காரரிடம், "அப்புறம் எதுக்குங்க இத்தாப்பெரிய ஊட்டைக் கட்டுனீங்க?" என்று கேட்டேன். "கட்டாம உட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார். அந்த நாலு பேரும் அவரவர் வீட்டுப் பின்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

பணத்துக்குக் குறைவில்லாத ஊர். ஆனால் பார்த்தால் தெரியாது. சாயம் போன சட்டையும் தோளில் துண்டுமாக ஒருவர் நின்றால், கூலிக்காரர் என்று நினைத்து வழி கேட்டுவிடாதீர்கள், நீங்கள் நிற்கும் தோப்பே அவருடையதாக இருக்கும். வெளிநாட்டுக் காரின் பின்சீட்டில் தவிட்டு மூட்டை ஏறும். எங்கள் தென்னையில் இறக்கும் கள் கேரளம் முழுக்கப் போகிறது, மரத்துக்குச் சொந்தக்காரர்களோ மோரைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். ஓட்டும் ரேஷன் கார்டும் பாலக்காட்டுக்கு. பல் வலி, பட்டுப்புடவை, பிள்ளைகளின் காலேஜ் எல்லாம் கோயம்புத்தூருக்கு.

அந்தக் கோயம்புத்தூர் இப்போதெல்லாம் எங்களுக்குத் தராதது ஒன்றே ஒன்று, மருமகள்கள். பையன் தோப்பைப் பார்த்துக்கொள்கிறான் என்றதும் பெண்ணைப் பெற்றவர்கள் உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள். மாச சம்பளத்துக்குக் கம்பெனியில் வேலை பார்ப்பவன்தான் வேண்டுமாம். எனக்கு வயிறு எரியும்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் மகனுக்கு முப்பத்துநாலு வயது. தங்கமான பையன். இன்ஜினியரிங் படித்துவிட்டு, ஆசைப்பட்டுத்தான் தோப்புக்குத் திரும்பி வந்தான். மாட்டிடம் பேசுவான், மோட்டாரிடம் பேசுவான், என்னிடம் காது வலிக்கும்வரை பேசுவான். ஒரு பெண்ணுக்கு முன்னால் உட்காரவைத்தால் மட்டும் வாயில் பூட்டு விழுந்துவிடும். போன தடவை பார்த்த பெண், "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று தரகரிடமே கேட்டுவிட்டாள். அன்றைக்கு என் ஓரகத்தி, அதாவது அவன் அம்மா, சோறு தின்னவில்லை. அவனும் முடிவாகச் சொல்லிவிட்டான்: "இன்னொண்ணு பாருங்க. அதுவும் தட்டிப் போச்சுன்னா என்னை உட்டுருங்க. நான் இப்படியே இருந்துக்கறேன்."

அந்த இன்னொன்றுதான் இந்தப் பெண். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கோயிலில் வைத்துப் பார்த்தார்கள். வழக்கம்போல நம்ம ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கம் வீடு பார்க்கப் பெரியவர்கள்தான் வருவார்கள், பெண் வரும் வழக்கமில்லை. இவள், "இருக்கப் போறது நானு, நான் பாக்க வேண்டாமா?" என்று தானும் கிளம்பிவிட்டாள் என்று தரகர் வந்து சொன்னார். ஊரே வாயைப் பிளந்தது. எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

அன்று காலை என் ஓரகத்தி ஒரே பிடியாக நின்றாள். வருகிறவர்கள் முன்கதவு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கதவைக் கிரகப்பிரவேசத்துக்குத் திறந்ததோடு சரி, நாங்கள் எல்லோரும் பின்வாசல் ஆட்கள். மழை குடித்துக் குடித்து அது நிலையோடு ஒட்டிக் கிடந்தது. ஊர் பார்த்து வியந்த கதவு, ஊர்க்காரர் நாலு பேர் இழுத்தும் அசையவில்லை. மற்றவர்கள் சலித்துப் போய்க் காபி குடிக்கப் பின்பக்கம் நழுவிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் அழுக்கு லுங்கியோடு கூடத்தில் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"சின்னம்மா, சுத்திப் போயி வெளிய நின்னு தள்ளுங்க, நான் உள்ளருந்து இழுக்கறேன்," என்றான். நான் கீலுக்கு விடத் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு பக்கவாட்டு வழியாகச் சுற்றி வந்தேன். வந்தால், முகப்பில் ஒரு கார் நிற்கிறது! சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பாவும் அத்தையும் காருக்குப் பக்கத்தில் நின்று தென்னையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, பெண் மட்டும் படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"வந்துட்டீங்களா சின்னம்மா? தள்ளுங்க, நல்லாத் தள்ளுங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தட்டியது நான் என்று நினைத்துக்கொண்டான். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டாள். அவன் இழுத்துக்கொண்டே பேசினான், அவனால் சும்மா இழுக்க முடியாது.

"இந்தக் கதவு ஒரு கேடு சின்னம்மா. கட்டுனது முன்னால, இருக்கறது பொறத்தால. அந்தப் புள்ள கேட்டா என்னன்னு சொல்றது?"

"ம்," என்றாள் அவள்.

"இன்னைக்காவது நாலு வார்த்தை பேசோணுமுங்க. கோயில்ல பாத்தமே, அன்னைக்கு அவங்க செருப்பு அறுந்து போச்சு. வெயில்ல வெறுங்கால்ல காருக்கு நடந்து போனாங்க. என்ற செருப்பைக் கழட்டிக் குடுத்தரலாம்னு நெனச்சேன். வாய் வரலைங்க. ஊட்டுக்கு வந்து அதையேதான் நெனச்சுட்டுக் கெடந்தேன்."

அவள் தள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

"எனக்குப் புடிச்சிருக்குது சின்னம்மா. ஆனா நேர்ல பாத்தா நாக்கு ஒட்டிக்குது. இவனுக்குப் பேச்சே வராதுன்னுதான நெனப்பாங்க? என்ன சின்னம்மா, தள்ள மாட்டீங்கறீங்க?"

அவள் மூச்சைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். கதவு படாரென்று திறந்தது. அவன் இரண்டடி பின்னால் போய், நெஞ்செல்லாம் தூசியும் வேர்வையுமாக நின்றான். எதிரே பட்டுப்புடவையில் அவள். அவ்வளவுதான், பூட்டு விழுந்துவிட்டது. திருதிருவென்று விழித்தவன், லுங்கியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் பாய்ந்து ஓடினான். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு சுவரில் சாய்ந்துகொண்டேன். சத்தம் வராமல் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தவன், தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெண்ணின் அப்பா நிலம், தண்ணீர் என்று ஏதேதோ கேட்டார். பதிலெல்லாம் அவன் அப்பாதான் சொன்னார். காபி வந்தது, முறுக்கு வந்தது, அவன் வாயிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. என் ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் பெண்ணின் அத்தை, சத்தமாகவே கேட்டார்: "ஏனுங்க, பையன் பேசவே மாட்டாருங்களா?"

ஊருக்குப் போய்த் தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்திருப்பதற்கு, பெண்ணின் அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? எத்தனை தடவை பார்த்துவிட்டோம்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நல்லாப் பேசுவாருங்க அத்தை. மூஞ்சியப் பாத்தாத்தான் நிறுத்திக்கறாரு," என்றவள், அவன் பக்கம் திரும்பினாள். "பரவாயில்லைங்க. கூடவே இருந்தாப் பழகிரும்."