இடக்கைப் பக்கம்

வெயில் ஏறுவதற்குள் காரைக் கழுவி முடித்துவிட வேண்டும் என்பது செங்கல்வராயன் வைத்திருந்த சட்டம். சூடான தகட்டில் தண்ணீர் பட்டால் துடைப்பதற்குள் காய்ந்துவிடும். புத்தூரில் அவர் வீட்டு போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அதனால் காபி குடிப்பதற்கும் முன்பே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

முதலில் மேலே வெறும் தண்ணீரை ஊற்றித் தூசியை ஊறவைப்பார். காய்ந்த தூசியின்மேல் துணி போட்டு இழுப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம் என்பார். ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலசுவதற்கு நல்ல தண்ணீர். கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்குவார். சக்கரத்துக்குத் தனித் துணி. அந்தத் துணி மறந்தும் மேலே ஏறக்கூடாது. பாத்திரம் துலக்கும் சோப்பை யாராவது பக்கத்தில் கொண்டுவந்தால் விரட்டுவார். கடைசியாகக் காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, வண்டியை இரண்டடி முன்னும் பின்னும் நகர்த்தி பிரேக்கை அழுத்திப் பார்ப்பார். பிரேக்கில் தண்ணீர் நின்றிருந்தால் முதல் வளைவில்தான் தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை என்பது அவருடைய வாதம்.

எதிர்வீட்டுச் சந்திரம்மா கோலப்பொடியோடு நின்றுகொண்டு தினமும் ஏதாவது சொல்லாமல் விடமாட்டாள்.

"இன்னா தாட்சாயணி, சக்களத்தி குளிச்சி முடிச்சிட்டாளா?"

"அவ குளிச்சாச்சி. நான்தான் இன்னும் குளிக்கல" என்பாள் செங்கல்வராயனின் மனைவி தாட்சாயணி.

அவர் காபிக்காக உள்ளே போனதும், தாட்சாயணி இடுப்பில் செருகியிருந்த பழைய பருத்தித் துணியை எடுப்பாள். வண்டியைச் சுற்றி ஒரு நடை. கதவின் ஓரத்தில், பின்பக்கக் கண்ணாடியின் மூலையில், அவர் துணி படாமல் விட்ட இடங்களில் உப்புப் புள்ளிகள் பூத்திருக்கும். சில நாள் காக்கை எச்சமே அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல உள்ளே வருவாள்.

போன ஆடி மாதம் முதன்முதலாக அதைப் பார்த்தபோது, மனுஷனுக்கு வயதாகிறது, கை சோர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். பிறகுதான் கவனித்தாள். எந்தப் பக்கம் நின்று துடைத்தாலும் விட்டுப்போன இடம் அவருடைய இடக்கைப் பக்கமாகவே இருந்தது. சாப்பிடும்போது இடப்பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பு தட்டிக் கவிழ்ந்தது. கேட்டைத் தாண்டும்போது வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி தூணில் மோதி மடங்கியது. தெருவில் மாடு குறுக்கே வந்தது என்றார். அன்று தெருவில் மாடு எதுவும் இல்லை.

திருப்பதியில் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்வரலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அவர் கடைத்தெருவுக்குப் போய்ப் படிக்கிற கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து, செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டினார். அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் டாக்டர் என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும். ஓட்டாதே என்பார். ஓட்டாத செங்கல்வராயனை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நகரி பக்கத்தில் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஏர் பிடிக்கச் சொன்ன அப்பாவிடம் கோபித்துக்கொண்டு லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு திருப்பதியில் ஒரு முதலாளியிடம் வேன் ஓட்டினார். ரயிலில் வந்து இறங்குகிற பக்தர்களை மலைக்கு ஏற்றி இறக்குவதுதான் வாழ்நாளெல்லாம் அவர் வேலை. வீட்டில் தமிழ் பேசினாலும் வண்டியிடம் தெலுங்கில்தான் பேசுவார். ஸ்டியரிங்கைத் தட்டி "பதம்மா" என்று சொல்லாமல் கிளப்பியதே கிடையாது. போம்மா என்று மகளிடம் சொல்வதுபோல.

வேலையை விட்ட பிறகு சொந்தத்துக்கு இந்த வெள்ளைக் காரை வாங்கினார். எந்த மெக்கானிக்கையும் தொடவிடவில்லை. டயர் கழற்றும் நாளில் தாட்சாயணிதான் அவருக்குக் கூடமாட உதவி. ஹேண்ட் பிரேக் போட்டாயிற்றா, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாயிற்றா என்று அவளையே கேட்பார். "ஜாக்கி தூக்கறதுக்குத்தான், தாங்கறதுக்கு இல்ல" என்று சொல்லி மரக்கட்டைகளை அண்டக் கொடுத்த பிறகுதான் கையை உள்ளே விடுவார். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்த ஒரு டிரைவரை இவர்தான் இழுத்து வெளியே எடுத்தாராம். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை அவர் தொட்டதில்லை. பேட்டரியில் பூத்த வெள்ளைப் பொடியை வெறும் கையால் தட்டியதில்லை. இவ்வளவு ஜாக்கிரதையான மனிதர் தன் கண்ணை மட்டும் ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை.

சித்தூரில் கட்டிக்கொடுத்த மகள் தேவயானிக்கு, கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பையன் பிறந்தான். யஸ்வந்த் என்று பெயர். ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கியபோதே செங்கல்வராயன் வேண்டிக்கொண்டார்: பேரனின் முதல் மொட்டைக்குத் தானே வண்டி ஓட்டி மலையேற்றுவதாக. எத்தனையோ பேர் பிள்ளைகளை ஏற்றி இறக்கியாயிற்று, நம் வீட்டுப் பிள்ளையை நாமே ஏற்றவேண்டாமா என்று கேட்டார். அப்போது தாட்சாயணியும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அப்போது கதவோரத்தில் புள்ளிகள் இல்லை.

மொட்டைக்கு நாள் குறித்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சந்திரம்மாவின் அண்ணனுக்குக் கண்ணில் பிரஷர் ஏறி ஒரு கண் போய்விட்டது என்ற பேச்சு அந்த வாரம்தான் வந்தது. வலியே இல்லையாம், அவருக்கே தெரியவில்லையாம். போன பார்வை போனதுதான், முன்னாடியே வந்திருந்தால் மருந்து விட்டு நிறுத்தியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். சந்திரம்மா சொல்லச் சொல்ல, தாட்சாயணி மடியில் இருந்த முறத்தில் அரிசியைத் திரும்பத் திரும்பப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

மகளிடம் போனில் சொல்லிவிட நினைத்தாள். தேவயானியோ, நைனா மலையேற்றத்துக்காக வண்டிக்குப் புது வைப்பர் போட்டிருக்கிறாராமே என்று சிரித்தாள். அன்று சொல்லவில்லை. அவரிடமும் சொல்ல வாயெடுத்தாள். அவர் டயர் டயராகக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றும் சொல்லவில்லை. புறப்படும் காலையில் அவர் கழுவி முடித்த வண்டியை எப்போதும்போலச் சுற்றிவந்து, விட்டுப்போனதைத் துடைத்தாள்.

மகளும் மருமகன் தமிழ்ச்செல்வனும் குழந்தையோடு முந்தின நாளே வந்திருந்தார்கள். வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். வண்டியை ஓட்டுகிறவர்தான் பழம் வைக்கவேண்டும் என்பது அந்தப் பக்கத்து டிரைவர்கள் முறை. செங்கல்வராயன் ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வைத்தார். தாட்சாயணி தட்டோடு கூடவே போனாள். முன்பக்க இடச் சக்கரத்துக்கு வந்தபோது, பழம் டயரை விட்டு ஒரு சாண் விலகி ஓரமாக உட்கார்ந்ததைப் பார்த்தாள். குனிந்து நகர்த்தியிருக்கலாம். இத்தனை நாள் துடைத்த கைக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. நகர்த்தவில்லை.

எல்லோரும் ஏறினார்கள். அவர் "பதம்மா" என்றார். வண்டி உருண்டது. பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டது. வழியனுப்ப வந்து நின்ற சந்திரம்மாதான் முதலில் பார்த்தாள். ஒரு பழம் முழுசாகக் கிடந்தது.

"மலைக்குப் போற வண்டி, கொழந்த வேற இருக்குது. எனக்கின்னாமோ சரியாப் படல" என்றாள்.

தேவயானி குழந்தையோடு கீழே இறங்கிவிட்டாள். "நைனா, ஒண்ணு நசுங்கவே இல்ல நைனா." தமிழ்ச்செல்வன், அதெல்லாம் ஒன்றுமில்லை, இன்னொரு பழம் வைத்தால் போயிற்று என்று சமாதானம் சொன்னான்.

செங்கல்வராயன் இறங்கி வந்து பழத்தைத் தேடினார். தேவயானி விரலால் காட்ட வேண்டியிருந்தது.

"வேற பழம் எடுத்துக்கினு வா" என்றார் மனைவியிடம்.

"பழம் இல்ல" என்றாள் தாட்சாயணி. சமையலறைக் கூடையில் இருந்தது. "இன்னிக்கி இந்த வண்டி வாணாம். சீனு வண்டியக் கூப்புடுங்க மாப்ள."

அவர் அவளைப் பார்த்தார். சகுனம் என்று சொல்லி அவள் எதையும் நிறுத்தியவள் அல்ல. ஆனால் குழந்தை இருக்கும்போது சகுனத்தை எதிர்த்து யார் பேசுவார்கள்? டாக்சி ஸ்டாண்டில் இருந்த சீனு தன் வண்டியோடு கொஞ்ச நேரத்தில் வந்தான். அப்பாவையும் கூட வரச்சொல்லித் தேவயானி கெஞ்சிப் பார்த்தாள். தான் பின்சீட்டில் உட்கார்ந்து மலையேறியதே இல்லை, நீங்கள் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டார் அவர். அவரைத் தனியாக விடமுடியாது என்று தாட்சாயணியும் நின்றுவிட்டாள். வண்டி திரும்பும்போது யஸ்வந்த் கண்ணாடியில் கன்னத்தை வைத்துத் தாத்தாவைப் பார்த்தான். அவர் கையாட்டினார்.

அவள் அறைக்குள் போய்ப் பட்டுப் புடவையை அவிழ்த்து, வேறு சேலை கட்டி, அவிழ்த்ததை மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே அவர் தெரிந்தார். வண்டியை மறுபடி நிழலில் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிறகு முன்சக்கரம் நின்றிருந்த இடத்தில் உட்கார்ந்து, தரையைக் கையால் தடவினார். பழத்தை எடுத்தார்.

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பழத்தைப் பக்கத்தில் வைத்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவள் வண்டி துடைக்கிற பருத்தித் துணி ஈரமாகத் தொங்கியது. கையை நீட்டி அதைத் தொட்டு, விரலை முகர்ந்தார்.

"இது இன்னா துணி?"

"வூடு தொடைக்கிறது."

"வூட்ட கார் ஷாம்புவுலயா தொடைக்கிற?"

அவள் புடவையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

அவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினார். அவள் அவருக்கு நேர் எதிரேதான் நின்றாள். அவர் முகம் அவளைத் தேடி மெதுவாகத் திரும்பி, அவளைத் தாண்டிப்போய், அலமாரியின் பக்கம் நின்றது.

"ஜன்னல் வெளிச்சம் தெரியுது. நீ தெரியல" என்றார். சொன்னது அவருக்கே கேட்கட்டும் என்பதுபோலச் சொன்னார். "பழத்த டயருக்கு நேராத்தான் வெச்சேன்னு நெனச்சினு இருந்தேன்."

முன்னாடியே வந்திருந்தால் என்று சந்திரம்மாவின் அண்ணனுக்குச் சொன்ன டாக்டரின் பேச்சு தாட்சாயணிக்குள் ஓடியது. ஆடி மாதத்திலேயே அந்தப் புள்ளிகளைத் துடைக்காமல் விட்டிருந்தால், அவரே பார்த்திருப்பாரா? யாராவது சொல்லிக் கேலி செய்திருப்பார்களா? கோபித்துக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரா?

அவர் வலது கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தாட்சாயணி, எத்தினி நாளா எம் பின்னால தொடச்சிக்கினு வர்ற?"

அவள் புடவையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். ஆணியில் இருந்த துணியை எடுத்தாள். அலமாரியைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்த அவரைத் தாண்டி, அவருடைய இடக்கைப் பக்கமாக நடந்து, அறையைவிட்டு வெளியே போனாள்.