திருக்கை நாறிய தவக்காலம்

நான் சாப்பாட்டில் குறை பிடிக்கிறவன். மன்னார் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த காலத்தில் வெள்ளைக்கார அதிகாரியின் முன்னால் வாயே திறக்கமாட்டேன். வீட்டுக்கு வந்து சோற்றின் முன் இருந்தால் அந்த வாய்க்குப் பூட்டுக் கிடையாது. இந்தக் கெட்ட குணத்தை ஒரு டொக்டர் ஒருமுறை மெச்சினார். அன்று பட்ட வெட்கத்தைத்தான் எழுதுகிறேன்.

என் மனைவி அரிப்பு என்ற கரையோர ஊரில் கடற்றொழில் செய்கிற குடும்பத்துப் பெண். மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கி ஒருதரம் மோந்து பார்ப்பாள். முந்தநாள் மீனை அவளிடம் நீட்ட யாருக்கும் துணிவு வராது. அப்படிப்பட்டவள் பிறகு பிறகு பால்கறியை அடிப்பிடிக்க விட்டுவிட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே சும்மா இருந்தாள். ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை திருக்கைக் கறி வைத்தாள். திருக்கை பழுதானால் மூக்கை அரிக்கிற நாற்றம் வரும். அன்று வாசல் படலையிலேயே எனக்கு நாறியது.

"மோந்து பார்க்கக்கூடப் பஞ்சியோ உனக்கு?" என்று கத்தினேன்.

"நல்லாத்தானே இருக்கு" என்றாள் அவள்.

எதிர்த்துப் பேசுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதிரையைத் தள்ளிவிட்டு அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அதன் பிறகு வருஷக்கணக்கில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரமென்றால் சண்டை நேரம்தான்.

பிறகு அவளுக்குக் காலையில் தலையிடி வரத் தொடங்கியது. பேச்சுக் குறைந்தது. வலக்கண் மங்கியது, கடைசியில் இடக்கண்ணும் மங்கத் தொடங்கியபோதுதான் நான் பயந்தேன். ரயிலேறிக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். அங்கே சீமையில் படித்துவிட்டு வந்த டொக்டர் ஒருவர் தலைக்குள் வளரும் கட்டிகளைப் பற்றிக் குறிப்புச் சேர்த்துக்கொண்டிருந்தார். சின்ன விளக்கால் கண்ணுக்குள் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்தார். அவளைக் கண்ணை மூடச் சொல்லி மூக்கடியில் கோப்பித்தூளைப் பிடித்தார். மணமொன்றும் இல்லையென்று அவள் தலையாட்டினாள்.

"கோப்பியெல்லோ!" என்றேன் நான். டொக்டர் என்னைக் கையமர்த்தினார்.

"நெத்திக்குப் பின்னால கட்டி ஒண்டு இருக்கு" என்றார். "மூளையைச் சுத்தியிருக்கிற உறையில கிளம்பினதெண்டால் வருசக்கணக்கில மெதுவா வளரும். கழட்டி எடுத்திடலாம். மூளைக்குள்ளயே கிளம்பினதெண்டால் கெதியில பரவும். திறந்தாலும் பிரயோசனமில்லை. படத்தில அது பிரிச்சுத் தெரியேல்லை. மணம் எப்ப போனதெண்டு தெரிஞ்சால் நான் துணிஞ்சு திறப்பன்."

"கனகாலம்" என்றாள் அவள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சாட்டுச் சொல்லுறன் எண்டு ஏசுவியள்."

உண்மை. ஏசியிருப்பேன். ஆனால் கனகாலம் என்பது டொக்டருக்குப் போதவில்லை. அப்போதுதான் நான் தொடங்கினேன். ஏழு வருஷத்துக்கு முந்திய தவக்காலத்தில் திருக்கை. அதே வருஷ நத்தார்ப் பண்டிகைக்குப் புளித்துப்போன பால். அடுத்த பாஸ்குத் திருநாளுக்கு முதல்நாள் கருகிய சோறு. ஒன்றுவிடாமல் சொன்னேன். டொக்டரின் பேனா என் பின்னால் ஓடியது.

"இவ்வளவு திருத்தமாச் சொன்ன ஆளை நான் காணேல்லை" என்று மெச்சினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு கேட்டார்: "அதுக்கு முந்தி? கடைசியாக் கறி நல்லா இருந்தது எப்ப?"

வாயைத் திறந்தேன். ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. அவள் நல்லாய்ச் சமைத்த ஒரே ஒரு நாள்கூட வரவில்லை.

"எட்டு வருசத்துக்கு முந்தி, எங்கட கோயில் திருநாளுக்கு எங்கட அப்பு வீட்டாக்கள் வந்த அண்டைக்கு" என்றாள் அவள் மெல்ல. "பாரைமீன் பால்கறி. இவர் ரெண்டாந்தரமும் சோறு கேட்டவர். எனக்கு அந்தக் கறி மணத்தது. அதுக்குப் பிறகு ஒண்டும் அப்பிடி மணக்கேல்லை."

டொக்டர் எழுதி முடித்தார். "எட்டு வருசமெண்டால் உறைக்கட்டிதான். திறக்கிறன்" என்றார்.

காலையில் உள்ளே கொண்டுபோனவளைப் பின்னேரம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அதுவரை செபமாலை கையில் இருந்தது, செபம் வாயில் வரவில்லை. கட்டி தேசிக்காயிலும் பெரிது என்றார் டொக்டர். இடக்கண் தப்பியது. வலக்கண் போனது போனதுதான். மணமும் திரும்பவில்லை.

ஊருக்கு வந்து அவள் முதன்முதலாக அடுப்பு மூட்டிய அன்று, நானே சந்தைக்குப் போய்ச் செவுளைத் தூக்கி மோந்து மீன் வாங்கிவந்தேன். கறியில் உப்புக் கொஞ்சம் கூடத்தான்.

"நல்லாயிருக்கு" என்றேன்.

அவள் தன் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். "ஏன், டொக்டர் திரும்பவும் கேப்பாரெண்டு பயமோ?"

"ஓம்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.