கதைக்குள் நின்று நான் சொன்ன சேதி

கண்ணுகளா, உங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

அப்போதெல்லாம் மலைமேல் இருக்கும் நம் குண்டூர் நாட்டுக்குச் சேதி சொல்வது உடுக்கைக் கதைதான். அறுவடை முடிந்ததும் களத்தில் பகலிலேயே நடக்கும். கதையில் ராசா தூதனைப் பார்த்து, "கீழ்நாடு சொகமா?" என்று கேட்கிற இடத்தில் உடுக்கை நின்றுவிடும். கடைசியாக அடிவாரம் போய்வந்தவர் எழுந்து, கண்டதைச் சொல்ல வேண்டும். கதைக்குள் நின்று எவனும் பொய் சொல்ல மாட்டான் என்று நம்பிக்கை. கீழே நோய் என்றால் உடனே நாட்டின் எல்லையில் முள் வெட்டிப் போடுவார்கள். ஒரு மாதம் யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போக முடியாது.

அந்த வருடம் தூதன் நான். முந்தின நாள் அடிவாரத்தில் தண்ணீர் கேட்டபோது ஒரு பெண், "இங்க குடிக்காதீங்க சாமி, பேதி கண்டு ரெண்டு ஊட்டுல எழவு" என்று தடுத்திருந்தாள். ஆனால் மறுநாள் உங்கள் அம்மா பக்கத்து மலையான குண்டனி நாட்டுத் தாய்வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு வருவதாக இருந்தது. மூத்தவளே, நீ பிறந்து இரண்டு மாதமாகியும் உன் முகத்தை நான் பார்த்திருக்கவில்லை.

உடுக்கை நின்றது. எழுந்து நின்றேன்.

"ஏனுங்க தூதரே, பொண்டாட்டி வார சந்தோசத்துல நாக்கு ஒட்டிக்கிச்சுங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். களமே சிரித்தது.

"சொகந்தானுங்க" என்றேன்.

"அப்ப நாளைக்கு நான் உப்பு வாங்க எறங்கறேன்" என்றார் அவர். தனிக்கட்டை மனுசன்.

அவரிடம் மட்டுமாவது அன்று மாலை சொல்லியிருக்கலாம். என் பொய் வெளியே தெரிந்துவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு வீடுதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வெயில் ஏறுமுன் நீ வந்துவிட்டாய். உன்னை மடியில் வைத்திருந்தபோது அவர் எங்கள் வாசல் வழியாகத்தான் கீழே போனார். எட்டிப் பார்த்து, "அப்பன் சாடைங்களா? பாவம் புள்ள!" என்று சிரித்தார்.

பொழுது சாய்ந்தும் அவர் திரும்பவில்லை. அடுத்த நாள் காலையில் மலைப்பாதையில், உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் பேதி கண்டு பிணமாகக் கிடந்தார்.

"தூதன் ஏறி வந்த பொறகுதான் கீழ நோய் வந்திருக்கோணும்" என்று ஊரே பேசியது. ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை. இன்றும் எங்காவது உடுக்கை சட்டென்று நின்றால் அவர் சிரிப்புதான் என் காதில் விழுகிறது.

அவரைப் புதைத்துவிட்டு, எல்லோரும் எல்லைக்கு முள் வெட்டப் போனார்கள். நான் பின்தங்கினேன். அவருடைய மாடு கொட்டிலில் கத்திக்கொண்டிருந்தது. ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றி, அது குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.