பதினாலாம் கட்டத்து மண்

வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வெளியூர் போகலாம் என்று எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் சொல்வார்கள். அது சாண் அண்ணன். என்னிடம் இதுவரை ஒருவரும் சாவி கொடுத்ததில்லை. அது வேறு கதை.

சாண் என்பது பட்டப்பெயர். இருபது வருஷம் அவர் வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் இருந்தார். வீட்டுக்காரர் காசுக்குப் பயந்து "போதும்ப்பா, நிறுத்திடு" என்பார். இவர் "இன்னும் ஒரு சாண் பாத்துடுவோம்" என்பார். அந்த ஒரு சாணில் தண்ணீர் வந்த வீடுகள் நிறைய. வராத வீடுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நல்ல பெயர் எடுத்தவனுக்கு அப்படி ஒரு வசதி உண்டு.

பிறகு நிலத்தடித் தண்ணீர் கீழே போய்விட்டது. எங்கள் முதலாளி கெட்டிக்காரர். அதே இயந்திரத்தை வைத்துக்கொண்டு மண் பரிசோதனைத் தொழிலுக்கு மாறினார். மூடிக்கிடக்கும் தொழிற்சாலைகளில் எங்கே விஷம் ஊறியிருக்கிறது என்று பார்ப்பதற்குத் துளை போட வேண்டும். நானும் அப்போதுதான் சேர்ந்தேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது, ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் சீட்டு எழுதும் வேலை எனக்கு.

வேலை இப்படித்தான் நடக்கும். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். கட்டத்துக்கு ஒரு துளை. மூன்று ஆழத்தில் மண் எடுத்து மூன்று கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடியைத் துடைத்து, சீட்டு ஒட்ட வேண்டும். கட்ட எண், ஆழம், தேதி, நேரம். நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். ஜாடிகள் ஐஸ் பெட்டியில் லேபுக்குப் போகும். லேப் சொல்வதை வைத்து வரைபடத்தில் வண்ணம் பூசுவார்கள். சிவப்பு வந்தால் மண்ணைத் தோண்டி எடுப்பார்கள், அதற்குப் பணம் உண்டு. பச்சை வந்தால் பைசா கிடையாது.

அண்ணனுக்கு மண்ணை மோந்து பார்க்கும் பழக்கம். திட்டம் போடும் இன்ஜினியரம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

"அது விஷம் அண்ணே. மோந்து பாக்காதீங்க."

"மூக்கு ரிப்போர்ட் இன்னைக்கே வந்துடும்மா. உங்க லேப் ரிப்போர்ட்டுக்கு மூணு வாரம் ஆகுது."

அவர் மூக்கு சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்த மூக்கை அவர் ஒரே ஒரு நாள் மூடிக்கொண்டார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பழைய முலாம் தொழிற்சாலை அது. சைக்கிள் கைப்பிடி, குழாய்த் திருகு எல்லாவற்றுக்கும் பளபளப்பு ஏற்றி அனுப்பிய இடம். எட்டு வருஷமாகப் பூட்டு. இருபது கட்டம். இரண்டாவது நாள் மத்தியானத்துக்குள் பதிமூன்று முடித்துவிட்டோம். பதினாலாவது, முலாம் கொட்டகைக்குப் பின்னால், மதில் சுவரை ஒட்டினாற்போல் இருந்தது. மண்ணுக்கு மேல் ஒரு முழக் கனத்துக்குக் கான்கிரீட்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரி அக்கா வீடு. எங்கள் சத்தம் கேட்டு ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தார். கையில் சொம்பு.

"குடிங்க அண்ணே. பயப்படாதீங்க, எங்க கிணத்துத் தண்ணி இல்ல. லாரித் தண்ணி."

"கிணத்துக்கு என்னக்கா?" என்று நான் கேட்டேன். ஊர் வம்பு காதில் விழாவிட்டால் எனக்கு ஜீரணமாகாது.

"வெள்ளைத் துணிய நனைச்சா மஞ்சளா மாறிடுது. பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற ஆர்டர் அதுலதான் போச்சு. எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்த வரைக்கும் கிணத்த மூடச் சொல்லிட்டே இருந்தார். மூடிட்டா குளிக்கிறதுக்கு எங்க போறது? நல்லாத் தோண்டுங்க அண்ணே. இங்கதான் இருக்கு அது."

அண்ணன் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இயந்திரத்தைப் போட்டார். அரைமணி நேரத்தில் கான்கிரீட்டில் விரல் நுழையும் பள்ளம்தான் விழுந்தது. துளையாணி மழுங்கியிருந்தது. புதுசு கொண்டுவந்து உடைத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். அப்போதுதான் அவருக்கு போன் வந்தது.

பேசியது அவர் மச்சான். நாலு மணிக்குக் கடையில் நிற்கிறாராம், வாஷிங் மெஷின் வாங்க வேண்டுமாம். "நீங்க வந்தாத்தான் மாமா விலையக் குறைப்பான், எனக்குப் பேசத் தெரியாது" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அண்ணனுக்குப் பேரம் பேசுவது என்றால் உயிர்.

அவர் பதிமூன்றாம் துளையைப் பார்த்தார். பதினாலைப் பார்த்தார். நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி.

"மண்ணுக்கு நடுவுல என்ன வேலியா போட்டிருக்கு?" என்றார்.

"அதானே அண்ணே," என்றேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் பதினாலு என்று சீட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். முத்து முத்தாக.

பதிமூன்றாம் துளை மண்ணே மூன்று ஜாடியில் போயிற்று. அவர் கையெழுத்துப் போட்டார். மோந்து பார்க்கவில்லை. மச்சானுக்கு அன்றைக்கு நல்ல விலையில் மெஷின் அமைந்தது.

மூன்று வாரம் கழித்து, நகராட்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். இன்ஜினியரம்மா திரையில் வரைபடத்தைக் காட்டினார். ஏழு கட்டம் சிவப்பு. பதிமூன்றும் பதினாலும் பச்சை. அரசு நிதியிலிருந்து பாதி, நிலத்தை வாங்கிய கம்பெனி கால், நகராட்சி கால் என்று கணக்குச் சொன்னார். ஏழு கட்டத்தையும் தோண்டி, மண்ணை வெளியே அனுப்பி, பக்கத்துக் கிணறுகளையும் சுத்தம் செய்து, குழாய்த் தண்ணீரும் கொடுப்பார்களாம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எட்டு நாளில். தெருக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

தையல்காரி அக்கா எழுந்து நின்றார். "எங்க கிணறு மஞ்சளா இருக்கேம்மா. அத யாரு பாப்பா?"

"உங்க சுவர ஒட்டின கட்டம் சுத்தமா வந்திருக்குக்கா. சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்துல இருந்தாத்தான் கிணத்துக்குப் பணம் கேக்க முடியும்."

பின்வரிசையில் ஒருத்தன், "துவைக்கத் தெரியாம துணியக் கெடுத்துட்டு கிணத்து மேல பழி போடுது" என்றான். கூடமே சிரித்தது. வழக்கமாக அந்த மாதிரி இடத்தில் நான்தான் முதலில் சிரிப்பேன்.

அக்கா சிரித்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற அண்ணனைப் பார்த்தார். "அந்த அண்ணன்தான் தோண்டினார். வெயில்ல நின்னு தோண்டுனத நானே பாத்தேன். அவர் எடுத்த மண்ணு சுத்தம்னா சுத்தம்தான். நான்தான் தப்பா நெனச்சிட்டேன் போல. நேரத்த வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்கங்க."

அண்ணன் முகத்தில் யாரோ சாணி கரைத்து ஊற்றியது போல இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் பிறகு அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். "மண்ண மாத்துனதக் கூட விட்டுருடா. அவங்க மன்னிப்புக் கேட்டப்ப தலைய ஆட்டுனேன் பாரு."

மூன்று நாள் வேலைக்கு வந்தார், போனார். நாலாவது நாள், "வா, இன்ஜினியரம்மாவைப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

"எதுக்கு அண்ணே? போனது போச்சு. நீங்களா போய்ச் சொல்லி ஏன் தலைய நீட்டுறீங்க?"

"நீ வரலைன்னா வேண்டாம்."

போனேன். பயத்தில்தான் போனேன், அவர் என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று.

இன்ஜினியரம்மாவின் அறையில் ஜன்னல் அளவுக்கு அந்த வரைபடம் ஒட்டியிருந்தது. அண்ணன் நின்றபடியே சொன்னார். அந்தம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"ஒரு ஜாடி பொய்னா இருபது கட்டத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க, தெரியுமா? இன்னும் நாலு நாள்தான் இருக்கு. இத வச்சுக்கிட்டு நான் விண்ணப்பம் அனுப்ப முடியாது. எல்லாத்தையும் மறுபடி எடுக்கணும். அடுத்த சுற்று ஏழு மாசம் கழிச்சுத்தான்."

"மத்த பத்தொம்பதும் சத்தியமா சரிதான்மா."

"அதத்தான் இனிமே யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொல்றேன்." பிறகு என்னைப் பார்த்தார். "சீட்டு எழுதினது யாரு?"

தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் மூன்று இறக்கையில் ஒன்று கொஞ்சம் வளைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நான் சொன்ன நம்பர எழுதினான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் அண்ணன்.

அந்தம்மா அண்ணன் பக்கம் திரும்பி, "என்கிட்ட சொன்னீங்க, சரி. அந்தக்காகிட்ட யார் சொல்றது?" என்றார்.

அன்று சாயங்காலமே அண்ணன் அக்கா வீட்டுக்குப் போனார். நான் உள்ளே நுழையவில்லை. வாசலுக்கு வெளியே சுவரோடு பல்லிபோல ஒட்டிக்கொண்டு நின்றேன். தையல் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன் பேசி முடிக்கும்வரை அது நிற்கவில்லை. பிறகு நின்றது.

"எதுக்குண்ணே?"

"கான்கிரீட்டு... நேரமாயிடுச்சு."

"நேரமாயிடுச்சுன்னா? எங்க போகணும்?"

உடம்பு சரியில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரோ செத்துப்போனார்கள் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே சொல்லியிருப்பேன்.

"மச்சான் வாஷிங் மெஷின் வாங்கினார். விலை பேசப் போனேன்."

"எத்தன கிலோ மெஷின்?"

"ஏழு."

"நல்லா வெளுக்குதா?"

தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. வெளியே வந்தவர் என்னைக் கடந்து, நான் அங்கே நிற்பதையே மறந்து, நேராகத் தெருமுனை வரை போய்விட்டார்.

முதலாளி அவரை மறுநாளே அனுப்பிவிட்டார். "உன்னால என் கம்பெனி பேரே நாறிப்போச்சு" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அண்ணன் சரி என்றார். இப்போது ஒரு மரக்கடையில் பலகை அடுக்குகிறார். விஷயம் தெருவெங்கும் பரவியது. வீட்டுச் சாவி கொடுக்கும் பேச்சும் நின்றது. ஏழு மாசம் தள்ளிப்போனது என்று ஏழு சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரைத் திட்டினார்கள். அவர் மனைவி ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியாமல் திரும்பி வந்தார் என்று கேள்வி. அந்த ஏழு மாசமும் அக்கா வீட்டுப் பிள்ளைகள் அதே கிணற்றில்தான் குளித்தார்கள்.

இயந்திரத்துக்கு ஒரு ஆள் வேண்டுமே. என்னை ஏற்றிவிட்டார் முதலாளி. சம்பளமும் கூடியது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மேலிடத்து அதிகாரி ஒருவர் கூடவே நின்று பார்க்க, இருபது கட்டத்தையும் மறுபடி எடுத்தோம். பத்தொன்பதும் முன்பு வந்தபடியே வந்தன. பதினாலில் கான்கிரீட்டை உடைக்க ஒன்றரை நாள் ஆனது. அடியில் மண் பச்சையும் மஞ்சளுமாக ஈரத்தோடு இருந்தது. லேபுக்கே வேலை இல்லை. பத்தடி தள்ளிப் பதிமூன்று பச்சை, இது இருபதிலேயே மோசம். தொட்டி ஒன்று அந்த இடத்தில் வருஷக்கணக்காகக் கசிந்து, சரிவாக மதில் பக்கமே இறங்கியிருக்கிறது என்றார் இன்ஜினியரம்மா. வரைபடத்தில் எட்டாவது சிவப்பு ஏறியது. அடுத்த சுற்றில் பணமும் கிடைத்தது.

தோண்ட ஆரம்பித்த அன்று எங்களுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடுப்பு, முகத்துக்கு ரப்பர் மூடி. பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. தெருவே மதிலோரம் நின்று வேடிக்கை பார்த்தது. எதிர்ப்பக்க நடைபாதையில், கூட்டத்தை விட்டுத் தள்ளி, அண்ணன் நின்றார். முதல் லாரி மண்ணோடு வெளியே போகும்வரை நின்றுவிட்டுப் போனார்.

அக்கா ஸ்டூலில் ஏறி மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"அதோ போறாரே, அவர் மேல எனக்கு இன்னும் கோவந்தான்," என்றார் என்னிடம், நான் யார் என்று தெரியாமல். "ஆனா வந்து நின்னு சொன்னார். அன்னைக்கு அவர் கூட ஒருத்தர் இருந்தாரே, வாயாடி, சீட்டு எழுதினவர். அவரும் பாத்துட்டுத்தானே இருந்திருப்பார்? அவர் ஒரு நாளும் இந்தப் பக்கம் வரலையே. இப்ப எங்க இருக்கார் தம்பி?"

ரப்பர் மூடிக்குள் என் மூச்சு எனக்கே சூடாக அடித்தது.

"தெரியலக்கா," என்றேன். "நான் புதுசு."