ஒரே வீட்டில் இரண்டு பெருநாள்

போன வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு நானும் வீட்டுக்காரரும் மொட்டைமாடிக்கு ஓடினோம். சித்தூர் வானம் முழுக்க மேகம். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலில் அறிவித்துவிட்டார்கள்: பிறை தெரியவில்லை, நாளைக்கும் நோன்பு.

கீழே வந்தால் போன் அடித்துக்கொண்டிருந்தது. திருப்பதியிலிருந்து என் தங்கை.

"அக்கா, எங்களுக்கு நாளைக்கே பெருநாள்."

அவள் போகும் பள்ளிவாசலில், உலகத்தில் எங்கே பிறை தெரிந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். எங்களுக்கு இந்தப் பக்கத்தில் தெரிய வேண்டும். இதே விஷயத்துக்காக அதற்கு முந்தைய வருஷம் போனிலேயே சண்டை போட்டோம். "டிவியைப் பாத்துப் பெருநாள் கொண்டாடறவங்கதானே நீங்க" என்றேன் நான். "நீங்க மேகத்தைப் பாத்து நோன்பு வைக்கறவங்க" என்றாள் அவள். அப்புறம் பக்ரீத் வரைக்கும் பேச்சே இல்லை.

அவள் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். இந்தப் பெருநாளுக்கு மகளோடு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தாள்.

"நான் வரலக்கா. நீ பட்டினியா இருக்க, நான் உன் எதிர்ல துன்னுக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"பெருநாளும் அதுவுமா தனியா உக்காந்து என்ன பண்ணப் போற? தொழுதுட்டு பஸ் ஏறு."

சொல்லிவிட்டேனே தவிர, மனசுக்குள் திக்கென்றிருந்தது. வந்த இடத்தில் மறுபடியும் வாய் கொடுத்துத் தொலைப்போமோ என்று.

மறுநாள் பதினோரு மணிக்குப் புதுச் சுடிதாரில் வந்து இறங்கினாள். திருப்பதியில் மைதானத்தில் பெண்களோடு ஜமாஅத்தாகத் தொழுதுவிட்டு வந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டோடு சரி. அதையும் பேச ஆரம்பித்தால் பொழுது போய்விடும் என்று கட்டிப்பிடித்து முபாரக் மட்டும் சொன்னேன்.

அடுப்பில் அவளுக்காகப் பிரியாணி தயாராகிக்கொண்டிருந்தது. வாசனையைப் பிடித்தவள் பதறிவிட்டாள்.

"நோன்போட ஏன்க்கா? ரசம் சாதம் போதாதா எனக்கு?"

"பெருநாள் அன்னைக்கு ரசமா? வா, உப்பு பாரு. என்னால பாக்க முடியாது."

கரண்டியை வாயில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள். உப்பே போடவில்லையாம். இரண்டு பேரும் சிரித்தோம்.

கூட வந்த அவள் மகளுக்கு ஆறு வயசு. தட்டோடு என்னிடம் ஓடி வந்தாள். "பெரிம்மா, நீ ஏன் துன்னல? இன்னைக்குப் பெருநாள் இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "பெரிம்மா ஊர்ல பிறை தெரியலம்மா. அதனால அவங்க நோன்பு வச்சது சரிதான்."

"அப்ப நாம தப்பா?"

"நாமளும் சரிதான். ஆறிப்போவுது, துன்னு."

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. வெங்காயம் நறுக்குகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மதியம் பாயில் படுத்துக்கொண்டு வாதாடினோம். அவள் ஹதீஸிலிருந்து ஒரு நபிமொழி சொன்னாள், நானும் ஒன்று சொன்னேன். ஒரு முடிவும் வரவில்லை. ஆனால் இந்த முறை யாருக்கும் குரல் ஏறவில்லை. நடுவில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "தெரியலடி, கேட்டுச் சொல்றேன்" என்றேன். அப்படி நான் சொன்னதே அவளுக்கு ஆச்சரியம்.

சாயங்காலம் என்னை அடுப்பங்கரைப் பக்கமே விடாமல் நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்து, "பிஸ்மில்லா சொல்லு" என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

மறுநாள் எங்கள் பெருநாள். காலையில் என் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். எதிர்வீட்டு டீச்சரம்மா முந்தின நாளும் பிரியாணி சாப்பிட்டவர், அன்றைக்கும் வந்தார். "உங்களுக்குள்ள ஒத்துமை வந்துடப் போவுது, பாத்துக்குங்க. எனக்கு ஒரு நாள் சாப்பாடு போயிடும்" என்றார்.

தங்கை சிரித்த சிரிப்பில் தட்டே ஆடியது.